பிள்ளையின் வாயைக் கட்ட வேண்டாம், நம் கையைக் கட்டுவோம்



பிள்ளைகளின் உணவில் சீனியைக் குறைப்பது பற்றிப் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டபோது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. இந்த விஷயத்தில் நான் பாடம் நடத்தியவள் மட்டுமல்ல, தேர்வில் தோற்றவளும்கூட.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. பழங்களின் படங்களைச் சுவரில் ஒட்டி, இனிப்புப் பானம் வேண்டாம், தண்ணீர் குடிப்போம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் என் மகன் ஐந்து வயதில் ஓர் இரவு முழுவதும் பல்வலியால் அழுது துடித்தான். மறுநாள் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மேல்வரிசையில் நான்கு பால் பற்கள் சொத்தை. அவற்றில் இரண்டைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றார்.

"இரவில் தூங்குவதற்கு முன் என்ன குடிக்கிறான்?" என்று கேட்டார்.

"பால்தான் டாக்டர்."

"பாலில் என்ன கலக்கிறீர்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு கரண்டி சீனி போட்டாத்தான் குடிக்கிறான்மா. வெறும் பாலைக் கொடுத்தா துப்பிடுறான்" என்றார் மெதுவாக.

அம்மாவுக்கு அப்போதே இருபது ஆண்டுகளாக நீரிழிவு. இரவு உணவு முடிந்ததும் மாத்திரையை எடுத்து விழுங்குவார். பிறகு அதே கையால் பேரனுடைய பாலில் சீனியைப் போட்டுக் கலக்குவார். அந்த மேசையில்தான் நானும் உட்கார்ந்து மறுநாள் பாடத்துக்கான படங்களை வெட்டிக்கொண்டிருப்பேன். கண்ணெதிரே தினமும் நடந்த ஒன்றை நான் பார்க்கவே இல்லை.

அம்மாவைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை வளர்த்த தலைமுறை அவர்களுடையது. அந்தக் காலத்தில் இனிப்பு என்பது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கு வருவது. பேரனுக்குச் சீனி போடுவது அவர்களுக்குப் பாசம். அந்தப் பாசம் இன்றும் மாறவில்லை. சுற்றியுள்ள உலகம்தான் மாறிவிட்டது. வீட்டில், பள்ளிக்கு வெளியே, காப்பிக்கடையில், எம்ஆர்டி நிலையத்துத் தானியக்க இயந்திரத்தில் என்று நம் பிள்ளைகளுக்குத் தினந்தோறும் தீபாவளியாக இருக்கிறது.

நமக்கு ஏன் கூடுதல் அக்கறை?

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களிடையே அது 16.6 விழுக்காடு, சீனர்களிடையே 9.7 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தது. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகவே பேசினார். நம் உறவினர் வீடுகளை எண்ணிப் பார்த்தால் புள்ளிவிவரமே தேவையில்லை. கால்விரலை இழந்த மாமா, வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் சித்தப்பா, கண்பார்வை மங்கிய பெரியம்மா என்று யாராவது ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

இங்கே ஒரு தெளிவு தேவை. ஒரு லட்டு தின்றால் நீரிழிவு வந்துவிடாது. சிறு பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் முதல் வகை நீரிழிவு சீனி சாப்பிட்டதால் வருவதும் அல்ல. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சில வேளைகளில் ரத்தச் சர்க்கரை இறங்கி, உடனே இனிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

நம் பெரியவர்களிடம் நாம் பார்ப்பது இரண்டாம் வகை. பரம்பரை, உடல் எடை, உடற்பயிற்சிக் குறைவு, உணவு எல்லாம் சேர்ந்து அதைக் கொண்டுவருகின்றன. பரம்பரையை நாம் மாற்ற முடியாது. உணவுப் பழக்கத்தை மாற்றலாம். அதிலும் சின்ன வயதிலேயே மாற்றினால் பலன் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனிக்குப் பங்கீடு வந்தது. 1953 செப்டம்பரில்தான் அது நீங்கியது. நீங்கியவுடன் மக்கள் உண்ட சீனியின் அளவு ஏறக்குறைய இரு மடங்கானது. பங்கீட்டுக் காலத்தில் கருவில் உருவாகிப் பிறந்தவர்களையும், அது முடிந்தபின் பிறந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். முடிவுகள் 2024இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்தன. வாழ்வின் முதல் ஆயிரம் நாள்களில் குறைந்த சீனியோடு வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 விழுக்காடு குறைவாக இருந்தது. உயர் ரத்த அழுத்த அபாயம் சுமார் 20 விழுக்காடு குறைவு. தொட்டில் பருவத்தில் வாயில் வைத்தது ஐம்பது, அறுபது வயதிலும் கணக்குக் கேட்கிறது என்பதுதான் இதன் பொருள்.

எவ்வளவு சீனி அளவானது?

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சீனியிலிருந்து வரவேண்டும் என்கிறது அது. 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. நாமும் உணவு தயாரிப்பாளர்களும் சேர்க்கும் சீனி, தேன், பாகு, பழச்சாற்றில் உள்ள சீனி ஆகியவை இந்தக் கணக்கில் அடங்கும். முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் இயற்கையாக உள்ள இனிப்பு இதில் சேராது.

இதைக் கரண்டிக் கணக்காக மாற்றிக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிச் சீனியை 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி தேவை என்றால், 10 விழுக்காடு என்பது 40 கிராம், அதாவது 8 தேக்கரண்டி. அது மேல் எல்லை. 4 தேக்கரண்டிக்குள் நிறுத்த முடிந்தால் மிக நல்லது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சேர்க்கப்பட்ட சீனியே தேவையில்லை.

சீனி எந்த வழியாக வருகிறது?

சாதாரணமான ஒரு பள்ளி நாளைப் பார்ப்போம். காலைப் பாலில் நாம் போடும் சீனி 2 தேக்கரண்டி. பள்ளி முடிந்து வரும் வழியில் 250 மில்லிலிட்டர் பொட்டலப் பானம் ஒன்று. 100 மில்லிலிட்டரில் 8 கிராம் சீனி இருந்தால், அந்தப் பொட்டலத்தில் 20 கிராம், அதாவது 4 தேக்கரண்டி. மாலையில் துணைப்பாட வகுப்புக்குப் போகும்போது இன்னொரு பொட்டலம், இன்னும் 4. இரவுப் பாலில் மறுபடியும் 2. மொத்தம் 12 தேக்கரண்டி!

பிஸ்கட், கேக், ஐஸ்கிரீம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளை மென்று தின்ன எதையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை. குடித்ததிலேயே எல்லையைத் தாண்டிவிட்டது.

பிள்ளைகளின் சீனியைக் குறைக்க வேண்டுமானால் பானத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். நான்கு கரண்டிச் சீனியைக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தின்னாது. தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடும். குடித்தாலும் வயிறு நிறைந்த உணர்வு வராது. அதனால் அடுத்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வந்த கலோரி அப்படியே கூடுதலாகத் தங்கிவிடும்.

முத்திரையைப் படிக்கப் பழகுவோம்

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரை நடப்புக்கு வந்தது. ஓராண்டு கழித்துக் கடையில் உடனுக்குடன் கலந்து தரும் பானங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 100 மில்லிலிட்டரில் 1 கிராம் வரை சீனி இருந்து, செயற்கை இனிப்பும் இல்லாவிட்டால் ‘ஏ’. 5 கிராம் வரை ‘பி’. 10 கிராம் வரை ‘சி’. அதற்கு மேல் ‘டி’. நிறைவுற்ற கொழுப்பின் அளவையும் பார்த்தே தரம் தரப்படுகிறது. ‘சி’, ‘டி’ பானங்களில் முத்திரை கட்டாயம் இருக்கவேண்டும். மலேசியாவில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு வரி விதிக்கப்படுகிறது.

பெற்றோர் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. ‘பி’ என்று பார்த்ததும் சீனியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். முத்திரையில் இருப்பது 100 மில்லிலிட்டருக்கான அளவு. 5 விழுக்காடு சீனியுள்ள ‘பி’ பானத்தை 500 மில்லிலிட்டர் போத்தலில் வாங்கிப் பிள்ளை முழுவதும் குடித்தால் 25 கிராம், அதாவது 5 தேக்கரண்டி உள்ளே போகும். ஆகவே எழுத்தை மட்டும் பார்க்காமல் போத்தலின் அளவையும் பாருங்கள். ‘சி’யிலிருந்து ‘பி’க்கு மாறுவது நல்ல முதல் படி. ஆனால் பிள்ளையின் அன்றாடப் பானம் தண்ணீராகவும் வெறும் பாலாகவும் இருக்கவேண்டும்.

முத்திரை இல்லாத பிஸ்கட், காலையுணவுத் தானியம் போன்றவற்றில் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் கூடுதலானது முதலில் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று பெயர்களுக்குள் சீனி, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ் என எது இருந்தாலும் அது இனிப்புப் பண்டம்தான். காப்பிக்கடையில் தேநீருக்கு ஊற்றும் டின் பாலிலும் ஏறக்குறைய பாதி சீனிதான்.

நம் வீடுகளில் மட்டும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டேன். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும்தான் கொடுக்கிறேன். பரவாயில்லையா?" அவற்றில் சிறிதளவு தாதுச்சத்து இருக்கலாம். ஆனால் பல்லுக்கும் உடல் எடைக்கும் அவை சீனியேதான். தேனும் அப்படியே. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானது, நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. செயற்கை இனிப்புக்கு மாறுவதும் தீர்வல்ல. எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. இனிப்புக்கு அடிமையான நாக்கு அப்படியேதான் இருக்கும்.

பல்லுக்கு இன்னொரு கணக்கு

பல் விஷயத்தில் எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். வாயிலுள்ள கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு முறை இனிப்புப் படும்போதும் சுமார் அரை மணி நேரம் பல் அந்த அமிலத்தில் ஊறுகிறது. ஒரே மூச்சில் குடித்துவிட்டால் ஒரு தாக்குதல். அதே பானத்தைப் போத்தலில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் உறிஞ்சினால் பத்துத் தாக்குதல்.

இரவில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் பல்லைக் கழுவப் பாதுகாப்பு இல்லை. என் மகனுக்கு நேர்ந்தது அதுதான். பால் பல் விழத்தானே போகிறது என்று விட்டுவிடாதீர்கள். நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பால் பல்தான்.

என்னென்ன செய்யலாம்?

பல்வலி தீர்ந்து வீட்டுக்கு வந்த அன்றே, சீனிப் புட்டியைப் பூட்டி வைத்துவிடுகிறேன் என்று நான் கோபமாகச் சொன்னேன். அம்மாதான் தடுத்தார். "ஒரே நாள்ல நிறுத்தினா புள்ள பாலையே விட்டுடும்மா. நான் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறேன், நீ பேசாம இரு" என்றார். இரண்டு கரண்டி ஒன்றரை ஆனது. இரண்டு வாரம் கழித்து ஒன்று. பிறகு அரை. இரண்டு மாதத்தில் வெறும் பால். இடையில் ஒரு நாள்கூட அவன் துப்பவில்லை. நான் படித்த பாடத்தைவிட அம்மாவின் கைப்பக்குவம் பெரிது என்று அன்று புரிந்தது. பால் குடித்த பிறகுதான் பல் துலக்க வேண்டும், அதன்பின் தண்ணீர் மட்டும் என்பதையும் வழக்கமாக்கினோம்.

இரண்டாவது, வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுத் தொடாதே என்று சொன்னால் பிள்ளையின் நினைப்பெல்லாம் அங்கேயேதான் இருக்கும். கண்ணெதிரே வைத்துத் தடை போடும்போது ஆசை கூடுகிறது என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. இல்லாத பொருளுக்குச் சண்டை வராது. எட்டும் இடத்தில் தண்ணீர்ப் போத்தலையும் நறுக்கிய கொய்யா, பப்பாளித் துண்டுகளையும் வையுங்கள். பழத்தைச் சாறு பிழியாமல் பழமாகவே கொடுங்கள்.

மூன்றாவது, பெரியவர்கள் முதலில் மாறவேண்டும். அப்பா இனிப்பான தேநீரை உறிஞ்சிக்கொண்டே, நீ தண்ணீர் குடி என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? என் கணவர் காப்பிக்கடையில் முதலில் ‘சியூ டாய்’ கேட்கத் தொடங்கினார். இப்போது ‘தே ஓ கோசோங்’தான். முதல் மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மகன் அதைப் பார்த்துச் சிரித்தான், ஆனால் அவனும் தண்ணீரைக் குடித்தான்.

நான்காவது, இனிப்பைப் பரிசாக்காதீர்கள். காய்கறியைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்று சொல்லும்போது, காய்கறி தண்டனை, ஐஸ்கிரீம் வெகுமதி என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். அழுகையை நிறுத்த மிட்டாய் கொடுப்பதும் அப்படித்தான். புதிய காய்கறி ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைகூடத் தட்டில் வைக்க வேண்டியிருக்கும். மூன்றாம் முறையே சோர்ந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, தீபாவளியை விட்டுவிடுங்கள். அன்று அதிரசமும் நெய் உருண்டையும் சாப்பிடட்டும். பிறந்தநாளில் கேக் சாப்பிடட்டும். பண்டிகை நாள் இனிப்பினால் யாருக்கும் கேடு வருவதில்லை. கேடு செய்வது மீதி நாள்களின் இனிப்புதான். ஆனால் பெட்டி பெட்டியாக அடுக்கும் கலர் பானங்களுக்குப் பதிலாக, வரும் விருந்தாளிகளுக்கு எலுமிச்சைத் துண்டு போட்ட குளிர்ந்த தண்ணீரையும் மேசையில் வைத்துப் பாருங்கள்.

தாத்தா பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

மிகக் கடினமான கேள்வி இதுதான். "நீங்க செய்யறது தப்பு" என்று தொடங்கினால் அங்கேயே பேச்சு முடிந்தது. அவர்கள் கையிலிருக்கும் சீனிக் கரண்டியைப் பிடுங்கினால், பேரப்பிள்ளைக்குக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கும்? அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்கவேண்டும். எங்கள் வீட்டில் பழம் நறுக்குவது அம்மாவின் வேலையானது. மாலையில் ஈரச்சந்தைப் பக்கம் பேரனைக் கூட்டிச் சென்று, அன்றைய பழத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்வார். பாட்டி என்றால் சீனிப்பால் என்றிருந்தது போய், பாட்டி என்றால் மாம்பழம் என்று ஆனது. அம்மாவின் செல்லம் குறையவில்லை, செல்லம் கொடுக்கும் பொருள்தான் மாறியது.

ஒரு நாள் நான் கேட்டேன், "ஏம்மா, உங்களுக்கே இவ்வளவு சிரமம் கொடுத்த நோய். அவனுக்கு எப்படிம்மா மனசு வந்து சீனி போட்டீங்க?" அம்மா சொன்னார், "எனக்கு வந்தது என் தலையெழுத்துன்னு நெனச்சேன். சின்னப் புள்ளைக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்." நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். தலையெழுத்தில் ஒரு பகுதியை வீட்டுச் சமையலறையில் நாமேதான் எழுதுகிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

பெற்றோர்களே, நாளை முதல் எல்லாவற்றையும் மாற்றப் புறப்படாதீர்கள். ஒரே ஒரு நாள் கணக்கெடுங்கள். உங்கள் பிள்ளை காலை முதல் இரவு வரை குடித்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, கரண்டிக் கணக்காக மாற்றுங்கள். தாத்தா, பாட்டி, பணிப்பெண், மாணவர் பராமரிப்பு நிலையம் என எல்லாரிடமும் கேளுங்கள். வரும் எண்ணைப் பார்த்தால் எந்த இடத்தில் கை வைக்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஓர் இடத்தை மட்டும் இந்த மாதம் மாற்றுங்கள்.

பிள்ளைகள் தாங்களாகக் கடைக்குச் சென்று பொருள் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர்கள் உண்பதும் குடிப்பதும் நம் கையால் வருபவைதான். அந்தக் கையைச் சற்றுக் கட்டிக்கொண்டால் போதும், பிள்ளையின் வாயைக் கட்டவேண்டிய தேவையே வராது.